இழுப்பதும் நிறுத்துவதும்

வாசிக்க: எண்ணாகமம் 7:1-9; ஆதியாகமம் 33:12-17



ஆடி மாதம் பிறந்துவிட்டால், சாத்தூரிலிருந்து கிழக்கே இருக்கன்குடிக்குச் செல்லும் சாலை இரவிலும் உறங்குவதில்லை. அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் இடையே நிற்கும் மாரியம்மன் கோயிலை நோக்கி, ஆடிக் கடைசி வெள்ளிக்காகச் சுற்று மாவட்டங்களிலிருந்தெல்லாம் மக்கள் வருகிறார்கள். நடந்து வருவோர் பலர். டிராக்டரில் வருவோரும் பலர். டிரெய்லரின் நான்கு மூலையிலும் கம்பு நட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, உள்ளே வைக்கோல் பரப்பி, அடுப்பும் அரிசியும் குழந்தைகளுமாக ஒரு வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் நம் அயலார். அவர்கள் சுகமாக வீடு திரும்ப வேண்டும் என்று நான் ஒவ்வோர் ஆண்டும் ஜெபிப்பதுண்டு. ஜெபிக்கும்போது என் கண்கள் அந்த வண்டிகளின் ஒரே ஓர் இடத்தைத்தான் தேடும்: டிராக்டரும் டிரெய்லரும் கூடும் இடத்தில் நிற்கும் அந்த இரும்புப் பின்னை.

சென்ற வாரம் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றபோது தொலைபேசி அழைத்தது. நம் சபையில் வளர்ந்து, இப்போது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குடும்பத்தோடு வாழும் ஒரு தம்பி பேசினார். "ஐயா, படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ள டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறோம். பிக்கப் வண்டிக்குப் பின்னால் பூட்டி, பிள்ளைகளோடு மலைப்பக்கம் போகிறோம். ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றார். குரலில் மகிழ்ச்சி இருந்தது. "என் வண்டி இதைப்போல் ஒன்றரை மடங்கு பாரத்தை இழுக்கும் ஐயா" என்றும் சொன்னார்.

"இழுக்கும் தம்பி. நிறுத்துமா?" என்று கேட்டேன்.

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. ஒரு போதகர் கேட்கும் கேள்வியா இது என்று அவர் நினைத்திருக்கலாம். இந்தக் கேள்வியை நான் எங்கே கற்றேன் என்பதை அவரிடம் சொன்னேன். அதையே இன்று உங்களுக்கும் எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், இருக்கன்குடிக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூர் சபையில் அசனப் பண்டிகை. அண்டாக்களும் விறகும் அரிசி மூட்டைகளும் பெரிய சபையிலிருந்து போகவேண்டும். விசுவாசி ஒருவர் தம் டிராக்டரையும் இரண்டு சக்கர டிரெய்லரையும் அன்போடு கொடுத்தார். விறகை முதலில் இறக்க வேண்டும் என்பதால் அதை டிரெய்லரின் பின்கோடியில் அடுக்கினார்கள். ஏறத்தாழ ஒரு டன் இருக்கும். அரிசி மூட்டைகளும் அதை ஒட்டியே ஏறின. வெற்று அண்டாக்கள் முன்னால் நின்றன. அண்டாக்களுக்கு நடுவே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பதினான்கு பேர் ஏறிக்கொண்டார்கள். நான் வண்டியின் முன்னால் நின்று, கைகளை உயர்த்தி ஜெபித்து, ஆமென் சொல்லி அனுப்பிவைத்தேன். வண்டியை ஒருமுறையேனும் சுற்றி வரவில்லை.

மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தேன். பிள்ளைகள் பாடிக்கொண்டே போனார்கள். கண்மாய்க் கரையிலிருந்து சாலை கீழே இறங்கும் இடம் வந்தது. டீசல் மிச்சமாகட்டும் என்று ஓட்டுநர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். பாதிச் சரிவில் எதிரே ஓர் ஆட்டு மந்தை. அவர் பிரேக்கை மிதித்தார். பின்னிருந்த பாரம் டிராக்டரை முன்னே தள்ளியது. டிராக்டர் ஒரு பக்கமாக இழுத்துத் திரும்ப, டிரெய்லர் அதன்மேல் மடங்கிச் சாய்ந்தது. அண்டாக்கள் உருண்டன. பதின்மூன்று பிள்ளைகள் சிராய்ப்போடு எழுந்தார்கள். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி எழவில்லை. அவள் கால்மேல் அண்டா கிடந்தது. தொடை எலும்பு முறிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு நான் பிரசங்க பீடத்தில் நின்று, கர்த்தர் பெரிய விபத்திலிருந்து நம் பிள்ளைகளைத் தப்புவித்தார் என்று சாட்சி சொன்னேன். சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. அன்று மாலை அந்தச் சிறுமியைப் பார்க்கப் போனேன். அவளுடைய தாய் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை ஒன்றில் வேலை செய்கிறவர். எனக்கு நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, தரையில் அமர்ந்து, மெதுவாகக் கேட்டார்: "ஐயா, எங்கள் வேலையில் ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று கணக்கு உண்டு. டிரெய்லருக்கு எத்தனை பேர் ஐயா?"

கோபமில்லாமல்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்தபோது தெரிந்தது: சட்டப்படி ஒருவரும் இல்லை. டிராக்டரின் டிரெய்லர் பொருள்களுக்கானது. ஆட்களை ஏற்ற அதற்கு அனுமதியில்லை. நான் ஜெபித்து அனுப்பிய பதினான்கு பேரில் ஒருவரும் அங்கே இருந்திருக்கக் கூடாது. தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்படி நம் ஆண்டவரைச் சோதித்தவன், தூதர்கள் தாங்குவார்கள் என்றுதானே சொன்னான்? நான் பதினான்கு பிள்ளைகளை அந்த உச்சியில் ஏற்றிவிட்டு, தூதர்கள்மேல் பொறுப்பைச் சுமத்தியிருக்கிறேன் என்று அன்றிரவு உணர்ந்தேன்.

நம் ஊரில் மட்டும் நடப்பதன்று இது. 2022 அக்டோபர் 1 அன்று, உத்தரப் பிரதேசத்தின் உன்னாவில் உள்ள சந்திரிகா தேவி கோயிலிலிருந்து திரும்பிய மக்களை ஏற்றிவந்த டிராக்டர் டிரெய்லர் ஒன்று, கான்பூருக்கு அருகே காட்டம்பூர்ப் பகுதியில் குளத்தில் கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு அந்தக் கண்மாய்க் கரைதான் நினைவுக்கு வந்தது.

அன்று என்ன பிழை நடந்தது என்பதை எனக்கு விளக்கியவர், வாழ்நாளெல்லாம் பருத்தி வண்டி ஓட்டிய ஒரு முதியவர். "பின்பாரம், ஐயா" என்று ஒரே சொல்லில் சொன்னார். பிறகு வண்டிக்காரர்களின் கணக்கைக் கற்பித்தார். மாட்டு வண்டியில் சுமை அச்சுக்குப் பின்னால் கூடிவிட்டால் அது பின்பாரம். ஏர்க்கால் மேலே எழும்பும். நுகம் மாட்டின் கழுத்தை விட்டுத் தூக்கும். பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். சுமை அச்சுக்கு முன்னால் மிகுந்தால் அது முன்பாரம். நுகம் கழுத்தில் இறங்கி மாடு மண்டியிடும். நல்ல வண்டிக்காரர் அடுக்கி முடித்ததும் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார். சற்றே கனக்க வேண்டும். மாட்டின் கழுத்தில் நுகம் அமர்ந்திருக்க வேண்டும், அழுத்தக் கூடாது.

டிராக்டருக்கும் அதே கணக்குத்தான். அன்று விறகும் அரிசியும் பின்கோடியில் இருந்ததால், டிரெய்லரின் இழுவைக் கம்பி டிராக்டரின் பின்புறத்தை மேல்நோக்கித் தூக்கிக்கொண்டிருந்தது. டிராக்டருக்குப் பிரேக் பின்சக்கரங்களில்தான் உண்டு. அந்தச் சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்காதபோது பிரேக் எதைப் பிடிக்கும்? அந்த டிரெய்லருக்கோ, நம் ஊர் டிரெய்லர்கள் பலவற்றைப் போலவே, சொந்தமாகப் பிரேக் இல்லை. நிறுத்தும் வேலை முழுவதும் முன்னால் போகிறவன் தலைமேல்.

இரண்டாவது பிழை நியூட்ரல். சரிவில் எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். இறங்கத் தொடங்குமுன்பே அந்தக் கியருக்கு வந்துவிட வேண்டும். அப்போது எஞ்சினே பாரத்தைப் பிடித்து நிறுத்தும். மூன்றாவது பிழை பிரேக் மிதிகள். டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. உழும்போது வரப்போரத்தில் சட்டென்று திரும்புவதற்காக அவற்றைத் தனித்தனியே வைத்திருப்பார்கள். சாலைக்கு வரும்போது இரண்டையும் ஒரு தாழ்ப்பாளால் பிணைத்துவிட வேண்டும். காலையில் உழுதுவிட்டு நேரே வந்த அவர் அதை மறந்திருந்தார். ஆட்டு மந்தையைக் கண்ட பதற்றத்தில் கால் ஒரு மிதியில் மட்டும் விழுந்தது, ஒரு சக்கரம் நின்றது, மற்றது ஓடியது, வண்டி திரும்பியது. நான்காவது பிழை என்னுடையது. அதை மேலே சொல்லிவிட்டேன்.

பின்னர் ஒருநாள் எண்ணாகமத்தின் ஏழாம் அதிகாரத்தை வாசித்தபோது, பலமுறை படித்துக் கடந்துபோன ஒரு செய்தி என்னைப் பிடித்து நிறுத்தியது. இஸ்ரவேலின் பிரபுக்கள் ஆசரிப்புக் கூடாரத்தின் பணிக்காக ஆறு கூண்டு வண்டில்களையும் பன்னிரண்டு மாடுகளையும் கொண்டுவருகிறார்கள். மோசே அவற்றைச் சமமாகப் பங்கிடவில்லை. திரைகளைச் சுமக்கும் கெர்சோன் புத்திரருக்கு இரண்டு வண்டில்கள், நான்கு மாடுகள். பலகைகளையும் தூண்களையும் பாதங்களையும் சுமக்கும் மெராரி புத்திரருக்கு நான்கு வண்டில்கள், எட்டு மாடுகள். அந்தப் பாதங்களில் வெள்ளியாலானவை மட்டுமே நூறு; ஒவ்வொன்றும் ஒரு தாலந்து என்று யாத்திராகமம் 38-ஆம் அதிகாரம் கணக்குத் தருகிறது. ஒரு தாலந்து 30 கிலோவுக்குக் குறையாது. ஆக வெள்ளி மட்டுமே மூன்று டன். கோகாத் புத்திரருக்கோ வண்டிலே இல்லை; பரிசுத்தமானவற்றை அவர்கள் தோளில் சுமக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு பாரம், அதற்கு எத்தனை மாடு என்பதைத் தேவன் எடைபோட்டே பகிர்ந்தார். மேகஸ்தம்பம் முன்னே சென்ற பயணத்தில்கூட எடைக் கணக்கு இருந்தது.

அந்தக் கணக்கு மறக்கப்பட்டபோது என்ன நடந்தது என்பதையும் வேதம் மறைக்கவில்லை. தாவீது உடன்படிக்கைப் பெட்டியைப் புது வண்டிலில் ஏற்றினான். பாட்டும் இசையும் மகிழ்ச்சியும் இருந்தன. நாகோனின் களத்தருகே மாடுகள் தடுமாறின, ஊசா கை நீட்டினான், அங்கேயே இறந்தான். தாவீது முதலில் கர்த்தர்மேல் வருத்தப்பட்டான்; பின்பு பயந்தான். மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் புறப்படும்போதுதான், முதல்முறை நாம் முறைப்படி விசாரிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டான் (1 நாளாகமம் 15:13). எங்கள் டிரெய்லரிலும் பாட்டு இருந்தது. முறைப்படி விசாரித்தவர் எவருமில்லை.

கூடாரத்தைப் பிரித்து, கட்டி, ஏற்றி, கொண்டுபோய், மறுபடி அடிப்பது நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. கேம்பிரிட்ஜில் கல்வி கற்று வந்த ராக்லண்ட் ஐயர், 1854 முதல் திருநெல்வேலியின் வடபகுதியில் கூடாரங்களில் தங்கி ஊர் ஊராகச் சென்று ஊழியம் செய்தார். 1858 அக்டோபரில் சிவகாசியில் மரித்தார். அந்த நாள்களில் பாரத்தை ஏற்றுவதும் ஊழியத்தின் ஒரு பகுதி. ஜெபம் ஒருவர் வேலை, வண்டி வேறொருவர் வேலை என்று நான்தான் பிரித்து வைத்திருந்தேன்.

இவற்றையெல்லாம் கேட்ட டெக்சாஸ் தம்பி, அன்றிரவே தம் வண்டியின் கணக்கைப் பார்த்தார். அவருடையது அந்நாட்டில் அரை டன் பிக்கப் என்று அழைக்கப்படும் வகை. முற்காலத்தில் ஆயிரம் பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிலோ, சுமந்ததால் வந்த பெயர். இப்போதைய வண்டிகள் அதைவிடக் கூடுதலாகச் சுமக்கும். இழுவைத் திறன் என்று விளம்பரத்தில் வரும் எண் மிகப் பெரியது. சில வகைகளுக்கு 4,500 கிலோவையும் தாண்டும். ஆனால் ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிறு தாளில் வேறோர் எண் இருக்கும்: ஆட்களும் பொருளும் சேர்ந்து இந்த வண்டி சுமக்கக்கூடிய எடை. அவருடைய வண்டிக்கு அது 700 கிலோ.

முதியவர் சொன்ன அதே ஏர்க்கால் கணக்கு அங்கேயும் உண்டு. டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு, முன்னால் உள்ள கொக்கியின்மேல் இறங்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. குறைந்தால் டிரெய்லர் பாம்புபோல் இடமும் வலமும் ஆடும். மிகுந்தால் பிக்கப்பின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். அவருடைய டிரெய்லர், தண்ணீரும் பொருள்களும் நிரப்பிய நிலையில், 3,000 கிலோ. அப்படியானால் கொக்கியின்மேல் 300 முதல் 450 கிலோ. குடும்பத்தில் ஐந்து பேர், அவர்களுடைய பெட்டிகள், மிதிவண்டிகள் எல்லாம் சேர்ந்து இன்னொரு 350. கூட்டிப் பார்த்தால் 700-ஐ எட்டிவிடும். கொக்கியின் பாரம் சற்றே ஏறினாலும் தாண்டிவிடும். இழுவைத் திறனில் நிறைய மீதி இருப்பதாக நினைத்திருந்தவருக்கு, சுமக்கும் திறனில் மீதியே இல்லை.

அவர் பயணத்தைக் கைவிடவில்லை. எடை மேடையில் நிறுத்தி நிறுத்துப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தார். போய்ச் சேரும் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். மிதிவண்டிகளை வீட்டிலேயே விட்டார். கனமானவற்றை டிரெய்லரின் அச்சுக்குச் சற்று முன்னே, தரையோடு தரையாக வைத்தார். டிரெய்லருக்கென்றே உள்ள மின் பிரேக்கை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்கிச் சரிபார்த்தார். கொக்கி கழன்றாலும் டிரெய்லர் சாலையில் தனியே ஓடிவிடாதபடி இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினார். ஆட்டம் கண்டால் என்ன செய்வது என்பதையும் கற்றுக்கொண்டார்: வண்டியின் பிரேக்கை அழுத்திமிதிக்கலாகாது, வேகத்தையும் கூட்டலாகாது, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் மெல்லப் பிடிக்க வேண்டும். பின்னால் இருப்பது பின்னுக்கு இழுத்தால்தான் வரிசை நேராகும்.

இங்கே டிராக்டர் வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். புறப்படுமுன் வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். பின் தேய்ந்திருக்கிறதா, அதன் அடியில் பூட்டுக் கம்பி இருக்கிறதா, அல்லது அந்த இடத்தில் வெறும் ஆணி ஒன்றை வளைத்துச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கூடுதலாக ஒரு சங்கிலி மாட்டுங்கள். டயரில் காற்றைப் பாருங்கள். பிரேக் மிதிகளைப் பிணையுங்கள். டிரெய்லரின் பின்புறம் சிவப்பு ஒளிவில்லை ஒட்டுங்கள்; நான்கு வழிச்சாலையில் இரவில் விரைந்து வருகிறவனுக்கு விளக்கில்லாத டிரெய்லர் கண்ணுக்குத் தெரியாத சுவர். திரும்பும்போது டிரெய்லரின் சக்கரங்கள் உங்கள் தடத்துக்கு உள்ளே வெட்டி வரும். அங்கே நடந்து போகிறவர் இருக்கலாம். நிறுத்தியபின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஆட்களை மட்டும் ஏற்றாதீர்கள். நம் சபை அந்த ஆண்டு முதல் பிள்ளைகளுக்கு வேன் அமர்த்துகிறது. செலவு கூடுதல்தான். அசனத்தில் ஒரு கறி குறைந்தாலும் எவரும் குறை சொன்னதில்லை.

கடைசியாக யாக்கோபைப் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் அண்ணனைச் சந்திக்கிறான். ஏசா நானூறு பேரோடு வந்திருக்கிறான். சேர்ந்தே போகலாம் என்கிறான். யாக்கோபோ, பிள்ளைகள் இளமையானவர்கள், பால்கொடுக்கும் ஆடுமாடுகள் உடன் உண்டு, ஒருநாள் விரட்டினாலும் மந்தை மாண்டுபோகும் என்று சொல்லி, அவற்றின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் ஏற்ப மெதுவாக வருவதாகச் சொல்கிறான். முந்தின இரவுதான் பெனியேலில் அவன் தொடைச்சந்து சுளுக்கியது. தானே நொண்டி நடக்கிறவனுக்கு, பின்னால் வருகிறவர்களின் நடை தெரிந்திருந்தது.

குடும்பத் தலைவர்களே, ஊழியக்காரரே, நமக்குப் பின்னால் பூட்டப்பட்டவர்கள் உண்டு. நம் வேகத்தை அவர்கள் தெரிந்தெடுக்கவில்லை. ஸ்டியரிங்கும் பிரேக்கும் அவர்கள் கையில் இல்லை. நாம் தடுக்கி நின்றால் அவர்கள் நம்மேல் வந்து மோதுவார்கள். நாம் சட்டென்று திரும்பினால் அவர்கள் கவிழ்வார்கள். எவ்வளவு இழுக்க முடியும் என்பதில் நமக்குப் பெருமை உண்டு: எத்தனை கடன், எத்தனை கூட்டம், எத்தனை கட்டடம். எவ்வளவை நிறுத்த முடியும் என்று நாம் கேட்பதில்லை. தம் நுகம் மெதுவானது என்று சொன்ன ஆண்டவர், பாரம் அறியாதவர் அல்லர். நம் கழுத்தை அறிந்து ஏற்றுகிறவர்.

அந்தச் சிறுமி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். மழைக்காலத்தில் கால் வலிக்கிறது என்று அவள் தாய் சொன்னார். அசனப் பண்டிகை நாளில் வேன் புறப்படுமுன், ஏறியிருப்பவர்களை எண்ணுகிறவள் அவள்தான். அவள் எண்ணி முடித்துத் தலையசைத்த பிறகே நான் ஜெபிக்கிறேன்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களை எங்களுக்குக் காட்டும். அவர்களுடைய நடையின் அளவை எங்களுக்குக் கற்பியும். செய்யவேண்டியதைச் செய்யாமல் உம்மைச் சோதித்த எங்கள் துணிவை மன்னியும். இந்த நாள்களில் எங்கள் சாலைகளில் பயணம் செய்யும் எல்லாரையும், எங்கள் அயலார் யாவரையும், சுகமாக வீடு சேரப்பண்ணும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.